பரணுக்கு ஓர் ஏணி

ரொறன்ரோ நகரின் கிழக்கே ஸ்காபரோவில் நாங்கள் குடியிருக்கும் வீடு, இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர் 1950களில் வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றைத்தள வீடுகளில் ஒன்று. அதன் கூரைக்கும் உட்கூரைக்கும் இடைப்பட்ட முக்கோண வெளியில் பதினொரு அட்டைப்பெட்டிகள் நெடுங்காலமாகக் கிடந்தன. பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் நான் வெட்டிச் சேர்த்த செய்தித் துணுக்குகளும் குறிப்பேடுகளும் அவற்றினுள் இருந்தன. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ‘ஈழநாடு’ அலுவலகமும் அதே நாட்களில் எரியூட்டப்பட்டது. கத்தரிக்கோலும் பசையும் கையுமாக நான் திரியத் தொடங்கியது அதன் பின்னர்தான்.

அந்தப் பெட்டிகளை அங்கே ஏற்றியது என் அறியாமை. பத்திரிகைத் தாள் மரக்கூழால் ஆனது. மரத்தை அரைத்துத் தாள் செய்யலாம் என்பதை 1844இல் ஜேர்மனியில் கெல்லர் என்பவரும், அதே ஆண்டில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் சார்ள்ஸ் ஃபெனெர்ட்டி என்பவரும் ஒருவரையொருவர் அறியாமலே கண்டறிந்தனர். உலகப் பத்திரிகைகள் மலிந்ததும் அதனால்தான்; அவை விரைவில் மஞ்சளித்து நொறுங்குவதும் அதனால்தான். மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் காற்றும் வெப்பமும் பட்டு அமிலத்தன்மை அடைகிறது. கோடையில் அடுப்புப்போலக் கொதித்து, மாரியில் உறைந்துபோகும் கனேடியக் கூரையடியைவிட அதற்குக் கெடுதலான இடம் வேறில்லை. 1980களின் தாள் ஒன்றை எடுத்து விரித்தபோது மடிப்பு மடிப்பாக அது கையோடு வந்தது. எஞ்சியவற்றையாவது கீழே இறக்கவேண்டும் என்று முடிவு செய்தேன்.

இறக்குவது எவ்வாறு? கூரையடிக்குச் செல்லும் வழி, படுக்கையறை அலுமாரிக்கு மேலே இருபத்திரண்டு அங்குலச் சதுரத் துவாரம் ஒன்றுதான். கீழே ஒரு கால்மடக்கு ஏணியை நிறுத்தி, அதன் உச்சிப்படியில் நின்று, கைகளை ஊன்றி உடலைத் தூக்க வேண்டும். எழுபதைக் கடந்த முழங்கால்கள் அதற்கு இணங்கவில்லை. ஆகவேதான், உட்கூரையில் பொருத்தி, வேண்டியபோது இழுத்து விரிக்கவும் வேண்டாதபோது மடித்து மேலே தள்ளிவிடவும் கூடிய மடிப்பேணி ஒன்றை வாங்குவது என்றாயிற்று. பொருத்தித் தருவதற்கு ஒருவர் கேட்ட கூலி, ஏணியின் விலையைப்போல் மூன்று மடங்கு. நானே பொருத்துகிறேன் என்றேன்.

“இஞ்சாருங்கோ, இந்த வயசில உங்களுக்கு உந்த வேலை தேவையே?” என்றார் மனைவி.

மருமகன் தொலைபேசியில் சொன்னது இன்னும் சுருக்கம். “மாமா, நான் சனிக்கிழமை வாறன். அதுக்கு முதல் நீங்கள் ஒண்டையும் வெட்டிப்போடாதேங்கோ.”

சனிக்கிழமைக்கு ஐந்து நாட்கள் இருந்தன. பத்திரிகைக்காரனுக்கு ஐந்து நாட்கள் ஓய்வு கொடுத்தால் அவன் செய்வது ஒன்றே. ஏணிகளின் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன்.

வீட்டுக்கு மேற்புறமாக ஏணி வைத்து ஏறி இறங்குவது நாம் இன்று எண்ணுவதுபோல் ஓர் உபரி வசதியாகத் தோன்றியதன்று. கதவுக்கும் முன்னதாக ஏணியே வாசலாக இருந்த ஊர் ஒன்று உண்டு. துருக்கியின் கொன்யா நகருக்கு அருகே உள்ள சாத்தல்ஹூயுக் என்ற மேடு, ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னர் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த குடியிருப்பு. 1958இல் ஜேம்ஸ் மெல்லார்ட் அதனை அடையாளங்கண்டு 1960களில் அகழ்ந்தார். 1993 முதல் இயன் ஹொடர் தலைமையில் மீண்டும் அகழாய்வு நிகழ்ந்தது. அங்கே தெருக்கள் இல்லை. வீடுகள் தேன்கூட்டு அறைகள்போல் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. மக்கள் கூரைகளின் மேல் நடந்து, தத்தம் வீட்டுக் கூரையில் இருந்த துவாரத்தின் வழியே ஏணியால் உள்ளே இறங்கினார்கள். அதே துவாரத்தின் வழியாகவே அடுப்புப் புகையும் வெளியேறியது. புகையினூடே இறங்கித்தான் வீட்டுக்கு வரவேண்டும்! மர ஏணிகள் உக்கி மறைந்து போயின. ஆயினும் அவை சாய்ந்திருந்த சாய்வுத் தடம் சுவரின் சுண்ணப் பூச்சில் பதிந்து எஞ்சியிருப்பதை ஆய்வாளர் கண்டனர். அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் இன்றும் மக்கள் வாழும் தாவோஸ் பியூவெப்லோ குடியிருப்பின் வீடுகளுக்கும் முற்காலத்தில் வாசற்கதவு இல்லை. கூரைக்கு ஏணி வைத்து ஏறி, அங்கிருந்து உள்ளே இறங்கினார்கள். பகைவர் வந்தால் ஏணியை மேலே இழுத்துவிடலாம். ஏணி என்பது ஏறுவதற்கு மட்டும் உரியதன்று, எடுத்துவிடுவதற்கும் உரியது என்பதை அங்கே காண்கிறோம். இதற்குப் பின்னர் வருகிறேன்.

ஏணியின் மிகப் பழைய ஓவியங்களுள் ஒன்று ஸ்பெயினின் வலென்சியாப் பகுதியில் உள்ள அரான்யா குகையில் இருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுப் பழைமை உடைய அந்த ஓவியத்தில் கொடிகளைப் பற்றி ஏறிய ஓர் உருவம் மலைத்தேன் எடுக்கிறது. சுற்றிலும் தேனீக்கள் பறக்கின்றன. அதைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது ‘மால்பு’ என்ற சொல். மூங்கிலின் கணுக்களையே படியாகக் கொண்ட கண்ணேணிக்குச் சங்கப் புலவர் வழங்கிய பெயர் அது. மலைபடுகடாத்தில் அது தேன் எடுப்பவரின் வழியாகவே வருகிறது. இலங்கையின் வேடர்கள் கொடியேணியில் தொங்கிப் பாறைத்தேன் எடுத்த முறையைச் செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் விரிவாகப் பதிந்திருக்கிறார்கள். மூன்று நிலங்கள், மூன்று காலங்கள். தேவை ஒன்றாக இருந்தபடியால் கருவியும் ஒன்றாயிற்று.

மடங்கும் ஏணி மிகவும் பிந்தியது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேற்றன் நகரைச் சேர்ந்த தச்சர் ஜோன் போல்ஸ்லி, 1862ஆம் ஆண்டு ஜனவரி 7ஆந் திகதி மடக்கும் படியேணிக்குக் காப்புரிமை பெற்றார். உருளைக் கம்புகளுக்குப் பதிலாகத் தட்டையான படிகள், பிணைச்சல் வைத்து மடக்கும் கால்கள் என்பன அதன் சிறப்பு. என் அலுமாரிக்குள் நின்று என்னைப் பயமுறுத்திய கால்மடக்கு ஏணி அதன் வழித்தோன்றலே. உட்கூரைக்குள் ஒளிந்துகொள்ளும் ஏணியைத் தொழிலாக வளர்த்தவர்களுள் முன்னோடியானவர், அதே ஒஹாயோவின் அக்ரன் நகரைச் சேர்ந்த பெஸ்லர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் பெயரால் வந்த ஏணி மடங்குவதன்று. முழுதாக ஒரே துண்டாகச் சறுக்கி மேலே செல்வது. ‘மறையும் மாடிப்படி’ என்று அதற்குப் பெயர்.

இந்த மறையும் ஏணிகள் பெருகிய காலத்திலேயே அவை ஏறிச் சென்ற இடம் மறையத் தொடங்கியது என்பது வரலாற்றின் குறும்பு. பழைய வீடுகளின் கூரை, தச்சர் அந்த இடத்திலேயே அறுத்து அடித்த கைமரங்களாலும் வளைகளாலும் ஆனது. நடுவில் வெற்றிடம் இருக்கும். பெட்டி படுக்கை வைக்கலாம், ஆளும் நிற்கலாம். 1950களில் புளோரிடாவில் கரோல் சன்போர்ட், கல்வின் ஜுரெயிட் ஆகியோர் பல் பதித்த இரும்புத் தகடுகளால் மரத்துண்டுகளைப் பிணைக்கும் முறையை உருவாக்கினர். தொழிற்சாலையில் ஆயத்தமாகும் மெல்லிய முக்கோணச் சட்டகங்கள் லொறியில் வந்திறங்கின. ஒரே நாளில் கூரை எழுந்தது, செலவும் குறைந்தது. ஆனால் கூரையடி முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகச் சிலந்திவலை ஆயிற்று. அத்தகைய சட்டகத்தின் ஓர் உறுப்பைத்தானும் வெட்டக்கூடாது. ஒன்றை வெட்டினால் அதன் சுமையை ஏற்க வேறொன்று இல்லை. மடிப்பேணி பொருத்த எண்ணுவோர் எல்லாவற்றுக்கும் முன்னர் பார்க்கவேண்டியது, தம் வீட்டுக் கூரை எவ்வகையினது என்பதையே. சட்டகக் கூரை உடையோர் இரண்டு சட்டகங்களுக்கு இடையே புகக்கூடிய ஒடுங்கிய ஏணியைத் தேடவேண்டும், அல்லது பொறியியலாளரைக் கேட்கவேண்டும். எங்கள் வீடு பழைய வகை. அந்த அளவில் தப்பினேன்.

பார்க்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. வட அமெரிக்காவின் பழைய வீடுகள் பலவற்றில் குளிர்காப்புக்காக வெர்மிகுலைற் என்ற கனிமத் துகள்களைக் கொட்டியிருப்பார்கள். சாம்பலும் பொன்னிறமும் கலந்து, சிறு கூழாங்கற்கள்போல மினுங்கும். அவற்றின் பெரும்பகுதி மொன்டானா மாநிலத்தின் லிபி என்ற சிற்றூரில் இருந்த சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுரங்கத்தின் கனிமத்தில் இயற்கையாகவே கல்நார் கலந்திருந்தது. சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. தொழிலாளர் மட்டுமன்றி, அவர்களின் உடைகளைத் துவைத்த மனைவியரும் தூசியில் விளையாடிய பிள்ளைகளும் நுரையீரல் நோய்க்கு ஆளாயினர். 2009இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகாமை அங்கே பொதுச் சுகாதார அவசர நிலையை அறிவித்தது. கூரையடியில் அத்துகள்களைக் கண்டால் கையால் அளையாமல், வாளும் வைக்காமல் கதவை மூடிவிட்டு அத்துறை அறிந்தவரை அழைக்கவேண்டும். நான் மின்சூளைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். இளஞ்சிவப்பு நிறக் கண்ணாடி இழைப் பஞ்சு மாத்திரமே இருந்தது. அதுவும் தோலில் பட்டால் அரிக்கும். முகமூடியும் கையுறையும் இன்றித் தொடலாகாது.

சனிக்கிழமை மருமகன் வந்தார். பேரனையும் கூட்டி வந்தார்.

உட்கூரையைத் தாங்கும் வளைகள் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக இருந்தன. வளையின் தடிப்புப் போக இடைவெளி பதினான்கரை அங்குலம். ஏணியின் சட்டத்துக்கோ இருபத்திரண்டரை அங்குல அகலமும் ஐம்பத்துநான்கு அங்குல நீளமும் வேண்டும். ஆகவே ஒரு வளையை வெட்டியே ஆகவேண்டும். அந்த வளை உட்கூரையைத் தாங்குவதோடு நிற்பதில்லை. இருபுறமும் சரியும் கைமரங்கள் சுவர்களை வெளியே தள்ளிவிடாதபடி இழுத்துப் பிடித்திருப்பதும் அதுவே. வெட்டுவதற்கு முன்னர் வெட்டப்படும் இடத்தின் இரு பக்கமும் தற்காலிக முட்டு நிறுத்தினோம். வெட்டியபின், பக்கத்து வளைகள் இரண்டையும் இணைத்து, துவாரத்தின் தலைப்பிலும் காலிலும் இரட்டைக் குறுக்குச்சட்டம் அடித்தோம். வெட்டுண்ட வளையின் முனைகளை இரும்புத் தாங்கிகளால் அக்குறுக்குச்சட்டங்களில் பூட்டினோம். சுமை அவ்வழியே அயல் வளைகளுக்குப் போய்ச் சேரும். இப்போது இடைவெளி முப்பதரை அங்குலம் ஆகிவிட்டபடியால், ஒரு பக்கத்தில் இன்னொரு மரம் வைத்து இருபத்திரண்டரைக்குச் சுருக்கினோம். பாதிநாள் இதற்கே போயிற்று.

ஏணி முப்பது கிலோவுக்குக் குறையாது. இருவர் தூக்கவேண்டும். அதற்கு ஒரு சிறு தந்திரம் உண்டு. துவாரத்தின் இரு முனைகளிலும், உள்நோக்கி ஓர் அங்குலம் நீட்டியிருக்குமாறு இரண்டு பலகைகளை உட்கூரையில் தற்காலிகமாகத் திருகிவிடவேண்டும். ஏணியின் சட்டம் அந்த விளிம்பில் உட்கார்ந்துகொள்ளும். பின்னர் நீர்மட்டம் பார்த்து, மூலைக்கு மூலை அளந்து, இரண்டு அளவும் ஒத்துவரும்வரை ஆப்புச் செருகித் தடித்த திருகாணிகளால் இறுக்கலாம். சுருள்வில்களுக்கு அருகே விரலைக் கொண்டுபோகக் கூடாது. சட்டம் முழுவதும் இறுகும்வரை ஏணியில் எவரும் கால் வைக்கவும் கூடாது.

நான் மேலேயும் மருமகன் கீழேயுமாக நின்றோம். அவர் கீழே எதையோ எடுக்கப் போனபோது, வெளிச்சம் வருவதற்கு இருந்த ஒரே துவாரத்தையும் ஏணியின் சட்டம் அடைத்துக்கொண்டது. இருட்டில் பஞ்சின் மேல் போட்ட பலகையில் குந்தியிருந்தேன். அப்போதுதான் பழைய நினைவு ஒன்று வந்தது.

1983 யூலை 25, திங்கட்கிழமை. கொழும்பு, வெள்ளவத்தை. காலையிலேயே புகை எழத் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற சிங்கள எழுதுவினைஞர் ஒருவர். மதிலுக்கு மேலால் எங்களை அழைத்து எடுத்தார். மனைவியும் கைக்குழந்தையாக இருந்த மகளும் அவருடைய மகளின் அறைக்குள் போனார்கள். என்னைக் குளியலறைக்கு மேல் உட்கூரையில் இருந்த பலகையை நகர்த்தி உள்ளே ஏற்றினார். “சத்தம் போடாதே, புத்தா” என்று சொல்லிப் பலகையை மூடினார். ஓட்டின் வெக்கையில் நான் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் கிடந்தேன். கீழே ஆட்கள் வந்ததும், உரத்துப் பேசியதும், போனதும் கேட்டன. மாலையில் இறங்கிய பின்னர்தான் அவருடைய மனைவி சொன்னார். என்னை ஏற்றிய ஏணியை அவர் வீட்டுக்குள் விட்டுவைக்கவில்லை. முற்றத்துக்குக் கொண்டுபோய் மாமரத்தில் சாத்தி, அடியில் ஒரு கூடையையும் வைத்திருக்கிறார். வந்தவர்கள் மாங்காய் பறிக்க வைத்த ஏணியைத்தான் கண்டார்கள். அந்த நாட்களில் இவ்வாறு அயலவர் காத்தபடியால் உயிர்தப்பிய தமிழர் பலர். அப்படி ஒருவரும் வாய்க்காமல் இறந்தவரும் பலர்.

அதற்குப் பின்னர் கூரையடியில் ஒளிந்தவர்களின் கதைகள் எங்கே கிடைத்தாலும் வாசித்துவருகிறேன். அவற்றுள் என்னை மிகவும் வருத்தியது ஹரியற் ஜேக்கப்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கதை. அமெரிக்காவின் வட கரோலினாவில், ஈடென்ரன் என்ற ஊரில் 1813இல் அடிமையாகப் பிறந்தவர். எசமானின் தொல்லையிலிருந்து 1835இல் தப்பியோடி, விடுதலை பெற்றிருந்த தம் பாட்டியின் வீட்டுக் கூரையடியில் ஒளிந்தார். ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம், உச்சியில் மூன்று அடி உயரம். நிமிர்ந்து நிற்கவும் இயலாத அந்த இடத்தில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இருந்தார். தச்சுவேலை தெரிந்த தாய்மாமன், கீழே இருந்த பண்டகசாலையிலிருந்து அங்கே செல்ல எவர் கண்ணுக்கும் தெரியாத ஒரு பொறிக்கதவு செய்து கொடுத்தார். கையில் தற்செயலாக அகப்பட்ட ஒரு துறப்பணத்தால் பலகையில் துளைகள் இட்டு, தெருவில் விளையாடும் தம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் அந்தத் தாய். பிள்ளைகளுக்கோ அவர் தலைக்கு மேல் இருப்பது தெரியாது. 1842இல் கப்பலேறி வடக்கே தப்பினார். 1861இல் புனைபெயரில் அவர் வெளியிட்ட தன்வரலாற்றை நெடுங்காலம் புனைகதை என்றே பலரும் எண்ணினர். ஜீன் யெலின் என்ற ஆய்வாளர் கடிதங்களையும் ஆவணங்களையும் தேடி, 1987இல் வெளியிட்ட பதிப்பில் அது உண்மை வரலாறு என்று நிறுவினார்.

அம்ஸ்ரர்டாம் நகரின் கூரையடிகளில் ஒளிந்த மனிதர்களும் உண்டு, ஒளிந்த கடவுளும் உண்டு. 1578க்குப் பின்னர் அந்நகரில் கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபட இயலவில்லை. யான் ஹார்ட்மன் என்ற வணிகர் 1663இல் தம் வீட்டின் மேல்தளங்களில் ஒரு முழுத் தேவாலயத்தையே அமைத்தார். தெருவிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. 1888 முதல் அது அருங்காட்சியகம். அதே நகரில் பிரின்சென்கிராக்ற் 263ஆம் இலக்கத்தில், 1942 யூலை முதல் 1944 ஓகஸ்ற் 4 வரை, ஆன் ஃபிராங்கும் மற்றும் ஏழு பேரும் மறைந்திருந்தார்கள். புத்தக அலுமாரிக்குப் பின்னால் இருந்த வாசலை எல்லோரும் அறிவர். உள்ளே, பீற்றரின் அறையிலிருந்து பரணுக்கு ஏறும் செங்குத்தான ஏணிப்படியைப் பலர் கவனிப்பதில்லை. சாளரத்தின் வழியே வானத்தைப் பார்ப்பதற்கு அந்தச் சிறுமி ஏறிப்போனது அதன் வழியாகத்தான்.

மறந்துபோய் மூடிவைத்த பரணும் உண்டு. லண்டனில் சென் தோமஸ் தேவாலயத்தின் கூரையடியில் 1822இல் பெண் நோயாளருக்காக ஓர் அறுவை அரங்கு அமைத்தார்கள். மயக்கமருந்து வருவதற்கு முற்பட்ட காலம் அது. 1862இல் மருத்துவமனை இடம் மாறியதும் அந்த அரங்கு அடைபட்டு எவர் நினைவிலும் இல்லாது போயிற்று. 1956இல் றேமண்ட் ரஸல் என்பவர் ஏறிப் பார்த்தபோதுதான் வெளிவந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்க்க ஒருவருக்குத் தோன்றுவதற்கு ஏறக்குறைய நூறாண்டுகள் பிடித்திருக்கின்றன.

“மாமா, மேல இருக்கிறீங்களோ?” என்று மருமகனின் குரல் கேட்டது. மீண்டும் வேலைக்குத் திரும்பினேன்.

எஞ்சியது ஏணியின் அடித்துண்டை அளந்து வெட்டுவது. இதிலேதான் பிழை விட்டேன். மூன்று துண்டுகளில் மேல் இரண்டையும் விரித்து நேராகப் பிடித்து, அங்கிருந்து தரைவரை உள்ள நீளத்தை முன்விளிம்பில் ஒருமுறையும் பின்விளிம்பில் ஒருமுறையுமாக அளக்கவேண்டும். ஏணி சாய்ந்து நிற்பதால் இரண்டும் வேறுபடும். நான் ஒரு காலில் முன்விளிம்பின் அளவைப் பின்விளிம்பில் போட்டுவிட்டேன். கால் அரை அங்குலம் குறுகியது. ஏணி நின்றது, ஆனால் அந்தப் பக்கத்துப் பிணைச்சலில் ஒரு நாணயம் புகும் அளவுக்கு இடைவெளி. துண்டுகள் முட்டுக்கு முட்டு ஒட்டி நிற்கவேண்டும். இடைவெளி இருந்தால் ஏறுபவரின் முழு எடையும் மரத்தில் இறங்காமல் பிணைச்சலின் ஆணிகளில் தொங்கும். அரை அங்குல மரம் ஒட்டிச் சமாளிக்கலாம் என்று நான் சொல்ல, மருமகன் ஒன்றும் பேசாமல் போய், அடித்துண்டு மட்டும் விற்கும் கடையைத் தேடி அழைப்பெடுத்தார். புதிய துண்டு வந்து சேர ஒன்பது நாட்கள் சென்றன. இம்முறை அளந்தவர் மருமகன், மறுபடி அளந்தவர் மனைவி.

மூடியைச் சுற்றிக் காற்றடைப்பு நாடா ஒட்டி, மேலே குளிர்காப்புப் பலகையால் ஒரு பெட்டி செய்து கவிழ்த்தோம். இங்கே அதை விட்டுவிடக் கூடாது. மாரியில் வீட்டின் ஈரமான சூடான காற்று இடுக்கால் மேலே ஏறி, கூரைப்பலகையின் அடியில் உறைபனியாகப் படிந்து, வசந்தத்தில் உருகி உட்கூரையில் சொட்டும்.

வேலை முடிந்ததும் பேரன் ஏறி இறங்கினான். மேலிருந்து எட்டிப் பார்த்து, “அம்மப்பா, உள்ளுக்கு இருந்துகொண்டு இதை மூடேலாதோ?” என்று கேட்டான். கீழே ஒருவர் இருந்துதான் மூடவேண்டும் என்றேன்.

பதினொரு பெட்டிகளில் ஏழை அன்றே இறக்கினோம். நான்காவதில் 1983 யூலைப் பத்திரிகைகள் இருந்தன. அவற்றை வெட்டவில்லை, முழுத்தாளாகவே வைத்திருக்கிறேன். மற்ற நான்கு பெட்டிகளும் அடுத்த சனிக்கிழமைக்கு.